செடிக்குப் பெயர்ப்பலகை உண்டு, தோட்டக்காரருக்கு?



பாரம்பரியத் தோட்டங்களை மெய்நிகர் வடிவில் பாதுகாப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவன் என்ற முறையில் என் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பாதுகாப்பில் யாருக்கு இடம் கிடைக்கிறது?

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லேசர் கதிரை வீசி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கிறார்கள். அப்படிக் கிடைக்கும் கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து மரமாக, மதிலாக, நடைபாதையாக முப்பரிமாணத்தில் எழுகின்றன. அதன்மேல் நிழற்படங்களைப் போர்த்திவிட்டால், மதுரையில் உட்கார்ந்து வி.ஆர். கண்ணாடி மாட்டிக்கொண்டு வெளிநாட்டுத் தோட்டம் ஒன்றில் உலவலாம். விமானக் கட்டணம் இல்லாதவருக்கும் படியேற முடியாதவருக்கும் இது பெரிய வாசல். அதில் எனக்கு மகிழ்ச்சியே.

ஆனால் தோட்டம் கோட்டையைப் போன்றதல்ல. கைவிடப்பட்ட கோட்டை நூறாண்டு நிற்கும். தோட்டத்தைச் சில மாதம் கவனிக்காமல் விட்டால் புதர்தான் மிஞ்சும். தோட்டம் என்பதே அன்றாட உழைப்பு. லேசர் இலையை அளக்கும். களை பறித்த கையை அளக்காது.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள மான்டிசெல்லோவைப் பாருங்கள். மனிதர் அனைவரும் சமம் என்று விடுதலைப் பிரகடனத்தில் எழுதிய தாமஸ் ஜெஃபர்சனின் பண்ணை அது. தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவரும் அவரே. மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த 1000 அடி நீளக் காய்கறித் தோட்டம் அங்கே புகழ்பெற்றது. வெட்டியவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள்.

தலைமைத் தோட்டக்காரராக உழைத்த வார்ம்லி ஹியூஸும் அடிமையே. 1826இல் ஜெஃபர்சன் இறந்தபோது புதைகுழி வெட்டியவர் அவர். அடுத்த ஆண்டு, பண்ணையின் கடனுக்காக நடந்த ஏலத்தில் அவருடைய மனைவி உர்சுலாவும் பிள்ளைகளும் விற்கப்பட்டார்கள்.

இனி இந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். அழிந்துபோன பூந்தோட்டத்தை 1939-41இலேயே மீட்டெடுத்துவிட்டார்கள். ஜெஃபர்சனின் தோட்டக் குறிப்பேடு அதற்குக் கைகொடுத்தது. அடிமைகள் வாழ்ந்து வேலை செய்த மல்பெரி ரோ என்ற பகுதியில், அவர்களுடைய குடில் ஒன்று மறுபடி கட்டப்பட்டுத் திறக்கப்பட்டது 2015இல். அவர்களின் வாழ்வைச் சொல்லும் கைபேசிச் செயலி வந்ததும் அதே ஆண்டில்தான். பூவுக்கும் மனிதருக்கும் இடையே 70 ஆண்டுக்கு மேல் இடைவெளி! அந்த இடைவெளிக்குத் தொழில்நுட்பம் காரணமல்ல. எது பாரம்பரியம் என்று முடிவு செய்தவர்கள்தான் காரணம்.

இது நமக்குத் தொலைதூரக் கதையல்ல. 1873இல் மகாத்மா ஜோதிராவ் பூலே 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். பூலே பிறந்தது தோட்ட வேலை செய்யும் மாலி சாதியில். பூ வணிகத்தால் அவருடைய குடும்பத்துக்கு வந்த பெயர்தான் பூலே. மண்ணில் கைவைத்தவர்களைக் கீழே தள்ளும் அமைப்பு இரு நாட்டிலும் ஒன்றே என்பதை அவர் அன்றே கண்டார்.

நம் உதகை தாவரவியல் பூங்காவுக்கு வருவோம். 1848இல் உருவாகத் தொடங்கிய அதன் வரலாறு, மெக்ஐவர் என்ற ஆங்கிலேய ஆட்சிக்காலத் தோட்டக்கலை வல்லுநரின் பெயரோடு சொல்லப்படுகிறது. மரங்களுக்கு லத்தீன் பெயர் எழுதிய பலகைகள் உண்டு. பாத்தி வெட்டியவர்களுக்கு? நாளை இதற்கு மெய்நிகர் வடிவம் செய்தால், பலகையில் இருப்பது மட்டும்தான் அதிலும் ஏறும். விடுபட்டவர்கள் இரண்டாம் முறையும் விடுபடுவார்கள்.

அதனால் மூன்று கோரிக்கைகள். முதலாவது, லேசர் கருவியை இறக்கும் முன்பே தோட்டத் தொழிலாளர்களின் குரலைப் பதிவு செய்யுங்கள். எந்த மண்ணுக்கு எவ்வளவு தண்ணீர், எந்தக் கிளையை எப்போது கவாத்து செய்வது என்பது அவர்களின் அறிவு. ஓய்வுபெற்று அவர்கள் வீட்டுக்குப் போனால் அதுவும் போய்விடும். இரண்டாவது, அந்த அறிவுக்கு ஊதியமும், ஆக்கியோர் பட்டியலில் பெயரும் கொடுங்கள். மூன்றாவது, முடிந்த படைப்பை முதலில் அவர்களிடம் காட்டுங்கள். திருத்தும் உரிமை அவர்களுக்கு வேண்டும்.

இங்கிருக்கும் இளைஞர்களில் பலர் கணினி படித்தவர்கள். நாளை இந்த வேலைகள் உங்கள் கைக்கு வரும். அப்போது செடியின் பெயரைக் கேட்கும் முன், அதை நட்டவரின் பெயரைக் கேளுங்கள்.

ஜெய்பீம்!