சாராய வழக்கும் சம்பளப் புத்தகமும்
(தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லைசென்சு இல்லாமல் சாராயம் விற்ற வழக்குகளைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் என்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கலாம். சம்சுவுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அது எத்தனை குடும்பங்களைக் கெடுத்தது என்பது என்னைவிட இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும். நான் பேச வந்தது சாட்சியைப் பற்றி. ஒருவன் குற்றவாளி என்று சொல்ல எது போதும், எது போதாது?

திருட்டு நடந்தால் பொருளைப் பறிகொடுத்தவன் கூச்சல் போடுகிறான். கள்ளச் சாராயத்தில் விற்றவனும் வாய் திறக்கமாட்டான், வாங்கியவனும் வாய் திறக்கமாட்டான். ஆகவே சாட்சியைச் சர்க்கார் தேடிப் போக வேண்டியதாயிற்று. சில வேளைகளில் காசு கொடுத்தே வாங்க வேண்டியதாயிற்று. வம்பு அங்கேதான் தொடங்கிற்று.

இங்கிலாந்தில் 1736-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. லண்டன் ஏழைகள் ஜின் என்ற சாராயத்தில் மூழ்கிக் கிடந்த காலம் அது. சில்லறையாக விற்க வருஷத்துக்கு 50 பவுன் லைசென்சுப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். கூடையில் வைத்துத் தெருவில் விற்கும் கிழவி 50 பவுனுக்கு எங்கே போவாள்? லைசென்சு எடுத்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே. மற்றவர்கள் மறைவில் விற்றார்கள். தெருவில் விற்றுப் பிடிபட்டால் 10 பவுன் அபராதம். கட்ட வழியில்லாவிட்டால் இரண்டு மாதம் சிறை. ஒரு சாட்சி சத்தியம் செய்தால் போதும், ஒரு மாஜிஸ்திரேட் தீர்ப்புச் சொல்லிவிடலாம். பிடிபட்டவர் ஏழையாயிருந்து அபராதம் வசூலாகாவிட்டாலும் உளவு சொன்னவனுக்கு 5 பவுன் உண்டு என்று 1737-ல் இன்னொரு சட்டமும் போட்டார்கள்.

எண்ணிப் பாருங்கள்! ஒரு சாட்சியின் வாய்க்கு 5 பவுன். அந்தக் காலத்தில் ஓர் ஏழைக்கு அது பல மாதச் சம்பாத்தியம். பக்கத்து வீட்டுக்காரி பக்கத்து வீட்டுக்காரியைக் காட்டிக் கொடுத்தாள். பொய்ச் சத்தியம் மலிந்தது. ஜனங்கள் உளவாளிகளைத் தெருவில் துரத்தி அடித்தார்கள்; அடிபட்டுச் செத்தவர்களும் உண்டு. கடைசியில் 1743-ல் அந்தச் சட்டத்தையே மாற்றி, லைசென்சுப் பணத்தை ஒரு பவுனாகக் குறைத்தார்கள்.

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. டட்லி பிராட்ஸ்ட்ரீட் என்ற எத்தன் சட்டத்தை உட்கார்ந்து படித்தான். வீட்டை வாடகைக்கு எடுத்தவர் பெயர் தெரிந்தால்தான் உளவாளி புகார் கொடுக்கலாம்; கதவை உடைத்து உள்ளே போக அதிகாரமில்லை. இவை இரண்டையும் கண்டுகொண்டான். வேறொருவர் பெயரில் வீடு பிடித்து, ஜன்னலில் ஒரு பூனைப் பொம்மையை ஆணியடித்து மாட்டினான். பூனையின் வாயில் காசு போட வேண்டும். பாதத்தின் கீழே ஈயக் குழாய் வழியாக ஜின் வரும். விற்றது யார்? பூனை! வாங்கியவன் ஒரு முகத்தையும் காணவில்லை. இதை அவனே 1755-ல் வெளியிட்ட சுயசரிதையில் பெருமையாக எழுதி வைத்திருக்கிறான். எத்தனாயிருந்தாலும் சட்டத்தை வாசித்துவிட்டு வேலையில் இறங்கினான். நம்மில் எத்தனை பேர் நமக்குக் கொடுத்த கடிதத்தையாவது கடைசி வரி வரை வாசிக்கிறோம்?

அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு. நியூயார்க்கில் தபால் குமாஸ்தாவாயிருந்த இஸி ஐன்ஸ்டைன் என்பவர் மதுவிலக்கு ஏஜெண்டாகி 4,932 பேரைக் கைது செய்தார் என்று கணக்கு. நூற்றுக்கு 95 பேருக்குத் தண்டனை உறுதியாயிற்றாம். எப்படி? மற்ற ஏஜெண்டுகள் வாங்கிய சாராயத்தைக் குடித்தே விடுவார்கள். பிறகு கோர்ட்டில் எதைக் காட்டுவது? இவரோ சட்டைப் பைக்குள் ஒரு சின்னப் புனலை வைத்து, அதிலிருந்து ரப்பர் குழாய் விட்டு, உள்ளே மறைத்த போத்தலில் சரக்கைச் சேர்த்துவிடுவார். பாருங்கள், ரப்பர் எந்த வேலைக்கெல்லாம் போயிருக்கிறது! சொல்லை நம்பாமல் பொருளைக் கொண்டு வந்தார், அதனால் அவர் வழக்கு நின்றது.

ஆனால் பொருள் இருந்துவிட்டால் மட்டும் போதுமா? நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்.

வட கரோலினா மாநிலத்தில் சோரல்ஸ் என்று ஒரு தொழிலாளி. கேண்டன் என்ற ஊர் ஆலையில் வேலை. 1930-ம் ஆண்டு ஜூலையில், அறிமுகமானவர்கள் சிலருடன் ஒரு ஆள் வீட்டுக்கு வந்தான். ஊர் சுற்ற வந்தவன் என்று சொல்லிக் கொண்டான். உண்மையில் அவன் மதுவிலக்கு ஏஜெண்டு. சாராயம் கிடைக்குமா என்று கேட்டான். இல்லை என்றார் சோரல்ஸ். மறுபடி கேட்டான், மறுபடியும் இல்லை. பேச்சு முதல் உலகப் போருக்குத் திரும்பிற்று. இருவரும் ஒரே படைப் பிரிவில் இருந்தவர்கள் என்று தெரிய வந்தது. பழைய பட்டாளத்துக்காரர்கள் கூடினால் எப்படிப் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பாசத்தைப் பிடித்துக்கொண்டு அவன் திரும்பவும் கேட்டான். சோரல்ஸ் எழுந்து போய், அரை மணி நேரத்துக்குள் அரை கேலன் சாராயத்தோடு வந்தார். 5 டாலர் கைமாறிற்று. உடனே வழக்கு. 18 மாதச் சிறை!

போத்தல் உண்டு, பணம் உண்டு, கண்ட சாட்சி உண்டு. இனி என்ன வேண்டும் என்றது கீழ்க் கோர்ட்டு. ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்ல அண்டை அயலார் வந்தார்கள். ஆலையின் நேரக் கணக்குக் குமாஸ்தாவும் வந்தார். 1924 மார்ச்சு முதல் ஒரு சம்பள நாள்கூடத் தவறாமல் இவர் வேலையில் இருந்தார் என்று சாட்சி சொன்னார். கிராணிமார்களே, கவனியுங்கள்: இங்கே செக்ரோல் செய்யும் வேலையை அங்கே அந்தக் கணக்கு செய்தது! எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. இவருக்குச் சாராயக் கடத்தல்காரன் என்று ஊரில் பெயர் உண்டு என்று சாட்சிகளைக் கொண்டு வந்தார்கள். ஆனால் அதற்கு முன் ஒரு துளி விற்றார் என்று காட்ட அவர்களிடம் ஒன்றுமில்லை. ஊர்ப் பேச்சு மட்டும்தான்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1932 டிசம்பரில் தலைமை நீதிபதி ஹியூஸ் தீர்ப்பு எழுதினார். குற்றம் செய்யும் எண்ணமே இல்லாத ஒருவரிடம் அதிகாரியே அந்த எண்ணத்தை ஊட்டி, நச்சரித்துச் செய்ய வைத்து, பிறகு தண்டிப்பதற்காகச் சட்டம் இயற்றப்படவில்லை. இதை ஜூரிகள் ஆராய விட்டிருக்க வேண்டும் என்று சொல்லி, தண்டனையைத் தள்ளினார்கள்.

இது நமக்கு எதற்கு? லயத்தின் பின்புறம் ஒரு போத்தல் கிடந்தது, ஆகவே உனக்கு வேலை இல்லை என்று ஒருவரிடம் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1955-ம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ம் பிரிவு, ஒழுங்கீனத்துக்காக நீக்குமுன் முறையான விசாரணை வேண்டும் என்கிறது. அந்த விசாரணையில் தலை குனிந்து நிற்காதீர்கள். எடுத்தது யார்? எந்த நேரம்? எடுக்கும்போது கூட இருந்தது யார்? போத்தல் அன்று முதல் இன்றுவரை யார் கையில் இருந்தது? அதில் இருப்பது சாராயம்தான் என்று சோதித்தது யார்? பார்த்தேன் என்பவருக்கு இதில் ஏதாவது கிடைக்கிறதா? மரியாதையாகவே கேளுங்கள், பதிலை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

தமிழில் இல்லாத கடிதம் என்றால் யாரிடமாவது வாசிக்கச் சொல்லிப் பொருள் தெரிந்த பின்பே கையெழுத்துப் போடுங்கள். கடிதம் வந்த அன்றே, மறுநாள் என்று தள்ளாமல், கிளைச் செயலாளரிடம் கொண்டு வாருங்கள். அவர் வீட்டுக் கதவை இரவில் தட்டினாலும் திறப்பார் என்று அவர் சார்பில் நானே சொல்லி வைக்கிறேன்.