எந்தக் காயம் அவமானம்?

(விருதுநகரில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே!

ஷிப்டு முடிந்தும், களையெடுத்துக் கரையேறியும் வந்திருக்கிறீர்கள். நீட்டவில்லை. நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் சடுகுடு ஆட இடம் கேட்டார்கள். பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். "முழங்கால் சிராய்ந்து, கன்னம் கன்றி நிற்கும் பிள்ளையை எவன் கட்டுவான்?" என்கிறார்கள்.

இவர்கள் ரக்பியைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ! முட்டை வடிவப் பந்தோடு ஓடுபவரைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்க்கும் ஆட்டம் அது. வெள்ளைக்காரச் சீமான் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியில் பிறந்தது. இன்று நம் நாட்டுப் பெண்கள் ஆடுகிறார்கள். 2019 ஜூனில் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றார்கள். அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் ஆட்டத்தில் அதுதான் அவர்களுடைய முதல் சர்வதேச வெற்றி. கடைசி நேரத்தில் பந்தை உதைத்து வெற்றி தேடித் தந்தவர் ஒடிஷாவின் சுமித்ரா நாயக்.

சடுகுடுவில் மட்டும் என்ன? 2010இல் குவாங்சௌ ஆசியப் போட்டியில் முதன்முறையாகப் பெண்கள் ஆட்டம் சேர்க்கப்பட்டது. தங்கம் நம் பெண்களுக்கு. 2025இல் பஹ்ரைனில் இளையோர் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியின் துணைத் தலைவி, சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. கண்ணகி நகர், குடிசைகளை இடித்து ஏழைகளைக் கொண்டுபோய் இறக்கிய இடம்!

சிவகாசிப் பக்கம் வாருங்கள். அலுமினியத் தூள் படிந்து வெள்ளியாய் மின்னும் கைகளைப் பாருங்கள். வெந்த தழும்புகளைப் பாருங்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் மாண்டார்கள். பெண்கள் பலர். மருந்து அறைக்கு அனுப்பும்போது "மேனி கன்றிவிடும்" என்று எந்தப் பெரியவர் தடுத்தார்? குடித்துவிட்டு வந்த புருஷன் அடித்த கன்னத்தைப் பார்த்து, "குடும்ப விஷயம்" என்று கதவைச் சாத்துகிறோமே! முதலாளி லாபத்துக்குப் பட்ட காயம் விதியாம். புருஷன் தந்தது வழக்கமாம். அவளே விரும்பி ஆடி வாங்கிய சிராய்ப்புதான் கண்ணை உறுத்துகிறதாம்!

காயமே இராது என்று நான் சொல்லவில்லை. ரக்பியில் எலும்பு முறியும், தலையில் அடிபட்டால் மூளை கலங்கும். அதனால்தான் தோளுக்கு மேலே பிடித்துச் சாய்ப்பது குற்றம். தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே ஆளை வெளியேற்ற வேண்டும். ஆணுக்கும் அதே விதிதான். ஆனால் பொங்கல் சடுகுடுவில் கை பிசகி வரும் பையனுக்கு நாம் சோடா உடைத்துக் கொடுக்கிறோம்.

பிள்ளைகள் கேட்பது அதிகமில்லை. கல் பொறுக்கி மண் கொட்டிய களம், முதலுதவிப் பெட்டி, ஒரு விளக்கு. வேலை விட்டு வரும்போதே இருட்டிவிடுகிறது. ஊராட்சிக்கு மனு எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறது. தாய்மார்கள் முன்னால் வாருங்கள். மறுத்த தகப்பன்மாரும் வரலாம், பேனா இருக்கிறது.