தோள் தாங்கும் கை, பிள்ளை வாங்கும் கை



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெண், எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும், "பிரசவம் பார்க்கும் வேலைக்குப் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "டாக்டருக்குப் படி, இல்லாவிட்டால் ஆசிரியர் பயிற்சிக்குப் போ. போயும் போயும் மருத்துவச்சி வேலையா?" என்பார்கள்.

அந்தக் கேள்விக்குள் ஒரு பழைய இளக்காரம் இருக்கிறது. தமிழகக் கிராமங்களில் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண்களே மருத்துவச்சிகளாக இருந்தார்கள். வலி கண்டதும் நள்ளிரவில் ஓடிப்போய் அவர்களை அழைத்து வந்த சமுதாயம், பிள்ளை பிறந்ததும் அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. முன்னோர்கள் கப்பலேறி வந்தபோது அந்த இளக்காரமும் கூடவே வந்துவிட்டது.

1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். தமிழர்கள் இந்த மலையில் தேயிலை கிள்ளினார்கள். தானா ராத்தா ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை சுமார் 60 கிலோமீட்டர். இப்படிப்பட்ட இடத்தில் நடுராத்திரியில் வலி எடுத்தால் முதல் துணை யார்? பக்கத்து வீட்டுப் பாட்டிதான். இடுப்பைத் தேய்த்துவிடுவார், வெந்நீர் வைப்பார், பிறகு சரக்கு அரைத்துக் கொடுத்துப் பத்தியமும் பார்ப்பார். ஆனால் குழந்தை குறுக்கே கிடந்தால்? இரத்தப்போக்கு நிற்காவிட்டால்? பாட்டியின் அன்பு மட்டும் அங்கே போதாது.

1957-ல் மலாயாவில் ஒரு லட்சம் பிறப்புக்கு சுமார் 280 தாய்மார்கள் உயிரிழந்தார்கள். 1990-களில் அந்த எண்ணிக்கை 50-க்கும் கீழே இறங்கியது. மலேசியாவும் இலங்கையும் இதை எப்படிச் சாதித்தன என்று உலக வங்கியே 2003-ல் ஒரு நூல் வெளியிட்டது. இரகசியம் ஒன்றுமில்லை. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் மக்களுக்குப் பக்கத்திலேயே குடியமர்த்தப்பட்டார்கள். 1966-ஆம் ஆண்டின் சட்டம் மருத்துவச்சிகளின் பதிவை ஒழுங்குபடுத்தியது. கர்ப்பிணியின் அட்டையில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறக் குறியீடு வந்தது. சிவப்பு என்றால் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய பிடான் கம்போங் பாட்டிகளை அரசாங்கம் விரட்டிவிடவில்லை. சுத்தமும் ஆபத்தின் அறிகுறிகளும் சொல்லிக் கொடுத்து, தாய்க்குத் துணையாக இருக்கச் செய்தது. பிள்ளை வாங்கும் கை பயிற்சி பெற்றவருடையது. தோள் தாங்கும் கை பாட்டியுடையது.

அந்தத் தோள் தாங்கும் கைக்குத்தான் இன்று 'டூலா' என்று பெயர். பணிப்பெண் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல் அது. பிரசவ நேரம் முழுவதும் ஒருவர் கூடவே இருந்தால் என்ன பலன்? 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளை 2017-ல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. வலி நேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது என்று தெரிந்தது. பாட்டிக்கு இது புதுச் செய்தியல்ல!

ஆனால் டூலா பிரசவம் பார்ப்பவர் அல்ல. தைரியம் சொல்லலாம், முதுகு தேய்த்துவிடலாம். மருத்துவச்சி செய்யும் வேலையைச் செய்ய அவருக்குப் பயிற்சியும் இல்லை, உரிமையும் இல்லை. அந்த எல்லையை மறந்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கத் துணிந்தால், மலைச்சாலையின் ஒவ்வொரு வளைவும் தாயின் உயிரோடு விளையாடும்.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் மகளுக்கு இந்த வேலையில் நாட்டம் இருந்தால் தடுக்காதீர்கள். தாதியர் டிப்ளோமா படிக்கட்டும், பிரசவப் பணிக்கான சிறப்புப் பயிற்சியும் எடுக்கட்டும். படிப்போடு பாட்டியின் பொறுமையையும் சேர்த்துக்கொள்ளட்டும். வலியில் துடிக்கும் தோட்டத்துப் பெண்ணின் காதருகே, "கொஞ்சம் பொறும்மா, நான் இருக்கேன்" என்று தமிழில் ஒரு குரல் கேட்டால், அது எவ்வளவு பெரிய ஆறுதல்!