சத்து மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும்

(ஆலங்குளத்தில் ஆஸ்பத்திரியின் நண்பர்கள் கூடுகையில் கொடுத்த செய்தி)



வியாதியஸ்தரைப் பார்க்கப் போகும்போது நாம் வெறுங்கையாய்ப் போவதில்லை. பழம், ஹார்லிக்ஸ், இப்போது சத்து மாத்திரை டப்பாவும் கொண்டுபோகிறோம். அன்பினால் செய்கிறோம். ஆனாலும் வார்டுகளில் நாங்கள் காண்பது என்ன? "அண்ணாச்சி, கொழுப்பு மாத்திரை எங்கே?" என்று கேட்டால், "அதை நிறுத்திட்டேன் ஐயா, இந்தச் சத்து மாத்திரையே போதும்" என்கிறார்கள். கொழுப்பு மாத்திரை சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆகவே அதுதான் முதலில் நின்றுபோகிறது.

இரண்டிற்கும் வேலை வேறு. அட்டார்வாஸ்டாட்டின் போன்ற மாத்திரைகள், கல்லீரல் கொழுப்பை உண்டாக்குவதைக் குறைக்கின்றன. இருதய நோய், சர்க்கரை வியாதி முதலியவை உள்ள 20,536 பேரைக்கொண்டு பிரிட்டனில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2002-ல் வெளியானது. ஏறக்குறைய ஐந்து வருஷம் சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் சுமார் கால் பங்கு குறைந்தன. வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் ஆகியவற்றைச் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கோ இருதயத்திற்கு ஒரு பிரயோஜனமும் காணப்படவில்லை.

அப்படியானால் வைட்டமின் வேண்டாமா? இரத்தத்தில் பி12 குறைந்திருக்கிறது என்று வைத்தியர் கண்டு எழுதிக்கொடுத்தால், இரண்டையும் சாப்பிடலாம். சாதாரண சத்து மாத்திரையிலுள்ள சிறிய அளவு பொதுவாய்க் கெடுதி செய்வதில்லை. ஆனால் நியாசின் என்னும் பி3-ஐ அதிக அளவில் கொழுப்பு மாத்திரையோடு சேர்த்தால் தசைகளுக்கும் கல்லீரலுக்கும் பாதிப்பு உண்டாகலாம். இயற்கை மருந்து என்று விற்கப்படும் சிவப்பு ஈஸ்ட் அரிசியில் லோவாஸ்டாட்டின் என்ற அதே வகை மருந்துப் பொருளே இருக்கிறது. அறியாமல் இரட்டை மருந்து சாப்பிட்டதாகிவிடும். காரணமில்லாத தசைவலி வந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதோடு சிறுநீர் கறுத்துப்போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடாதிருங்கள்.

ஆகவே இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். வைத்தியரிடம் வரும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், டானிக்கையும், நாட்டு மருந்தையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அடுத்த முறை நோயாளியைச் சந்திக்கப் போகும்போது, டப்பா வாங்குமுன் "எந்த மாத்திரை தீர்ந்துபோயிருக்கிறது?" என்று கேளுங்கள். பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாய்க்கு, நின்றுபோன அந்த மாத்திரையை வாங்கிக்கொடுப்பதே மெய்யான சத்து.