எந்தச் சிவஞானசுந்தரம்?



வாசகர் ஒருவர் வெள்ளவத்தையில் ஒரு நூலக மேசைக்கு வந்து, "சிவஞானசுந்தரத்தின்ர புத்தகம் இருக்கோ?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அனுபவப்பட்ட நூலகர் அலுமாரிப் பக்கம் திரும்பமாட்டார். "எந்தச் சிவஞானசுந்தரம்?" என்று திருப்பிக் கேட்பார். ஈழத்து இலக்கியத்தில் மூன்று பேர் அந்தப் பெயரோடு இருக்கிறார்கள். த. சிவஞானசுந்தரம் என்றால் சிறுகதை முன்னோடி இலங்கையர்கோன். செ. சிவஞானசுந்தரம் என்றால் 'மலைக்கொழுந்து' நாவலை எழுதிய நந்தி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். சி. சிவஞானசுந்தரம் என்றால் 'சிரித்திரன்' நடத்திய சுந்தர், சவாரித்தம்பரைப் படைத்த கேலிச்சித்திரக்காரர்.

தரவு விஞ்ஞானத்தால் நூற்பட்டியலைச் சீர்செய்வது என்ற இந்தக் கருத்தரங்கின் பொருளை இந்த மூவரையும் வைத்தே விளங்கிக்கொள்ளலாம். இரண்டு சொற்கள் எவ்வளவு தூரம் ஒத்திருக்கின்றன என்று எழுத்தெண்ணி அளக்கும் முறை ஒன்று உண்டு. ரஷ்யக் கணித அறிஞர் லெவன்ஷ்டைன் 1965இல் வகுத்தது. அந்த அளவுகோலின்படி 'செ. சிவஞானசுந்தரம்', 'சி. சிவஞானசுந்தரம்' இரண்டும் ஏறக்குறைய ஒரே ஆள். ஆங்கிலத்தில் எழுதினால் அந்த ஒரு குறியின் வித்தியாசமும் போய், தலைப்பெழுத்து ஒன்றாகிவிடும். அதே அளவுகோல் 'நந்தி'யையும் 'செ. சிவஞானசுந்தரம்' என்பதையும் வேறு வேறு ஆட்களாக்கும். ஒன்றாக்க வேண்டியவரைப் பிரித்து, பிரிக்க வேண்டியவர்களை ஒன்றாக்குகிற அந்தக் கணக்கில் பிழை ஏதும் இல்லை. பெயரை மட்டும் கொடுத்து ஆளைக் கேட்டதுதான் பிழை.

புனைபெயரும் தலைப்பெழுத்தும் கலந்த இந்தச் சிக்கலுக்கு வழி இல்லாமல் இல்லை. பெலிகி, சண்டர் என்ற இருவர் 1969இல் பதிவுகளை இணைப்பதற்கான நிகழ்தகவுக் கோட்பாட்டை வெளியிட்டார்கள். இரண்டு பதிவுகள் ஒரே ஆளைக் குறிக்கின்றனவா என்று பார்க்கும்போது ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு நிறை கொடுப்பது அதன் அடிப்படை. பெயர் ஒத்தால் இவ்வளவு, ஆண்டு ஒத்தால் இவ்வளவு, துறை முரண்பட்டால் இவ்வளவு கழிவு. இலங்கையர்கோன் 1961இல் காலமானார். 1964இல் முதன்முதல் அச்சான நாவல் ஒன்று பெயர் மட்டுமே ஒத்து அவர் கணக்கில் விழுந்தால், ஆண்டு அதைச் சந்தேகப்படச் சொல்லும். கூட்டிக் கழித்தும் முடிவு தெரியாதவற்றைத் தனியே எடுத்து மனிதர் முன் வைக்க வேண்டும் என்பதும் அந்தக் கோட்பாட்டிலேயே உண்டு. தானியங்கி மோகத்தில் இந்தக் கடைசிப் பகுதியைப் பலரும் படிப்பதில்லை.

அந்த மனிதருக்குத் தெரிய வேண்டியவை எங்கே இருக்கின்றன? கொஞ்சம் அச்சில், கொஞ்சம் வலையில். என். செல்வராஜா 2002 முதல் 'நூல்தேட்டம்' என்ற நூற்பட்டியல் தொகுதிகளை வெளியிட்டு வருகிறார். தொகுதிக்கு ஆயிரம் நூல்கள், ஒவ்வொன்றுக்கும் தொடர் எண், சிறு குறிப்பு. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம் நூல்களையும் இதழ்களையும் எண்மப்படுத்தி, ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் கொடுக்கிறது. எழுத்தாளர்களுக்கென்று 'ஆளுமை' என்ற பக்கங்களையும் வைத்திருக்கிறது. பெயர், தந்தை, தாய், பிறப்பு, ஊர் என்று அதில் கட்டங்கள். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத சமூகத்துக்குத் தந்தை பெயரும் ஊரும் எவ்வளவு பெரிய அடையாளம் என்பதை அந்தக் கட்டங்களைப் போட்டவர்கள் அறிந்திருந்தார்கள். மேல்நாட்டுப் பட்டியல் விதிகள் முதலில் தேடுவது குடும்பப் பெயரை. ஆங்கில எழுத்துக்கூட்டலும் தொல்லை தரும். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஆங்கிலத்தில் தம் பெயரை 'எஸ்' போட்டு எழுதினார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிபெயர்ப்பு விதியோ சகரத்துக்கு ஆங்கில 'சி'யைத்தான் தரும். ஆகவே ஒரே மனிதர் அகரவரிசையில் பதினாறு எழுத்துத் தூரம் தள்ளி இரண்டு இடத்தில் உட்கார நேர்கிறது.

இடமும் ஏமாற்றும். டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை', பிற்காலத்தில் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வந்தது. அங்குள்ள கொட்டாஞ்சேனைக்காரர் அதைத் தம் அயல் இதழ் என்பார், யாழ்ப்பாணத்தார் விட்டுக்கொடுக்கமாட்டார். வெளியீட்டு இடத்தை மாறாத சாட்சியாக எடுக்கும் கணினி, ஓர் இதழை இரண்டு இதழாக்கிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் கணினிக்கு எழுத்துத் தெரிய வேண்டும். இலங்கையில் ஒரு காலத்தில் தமிழ்த் தட்டச்சு என்றாலே பாமினிதான். அந்த எழுத்துருவில் தட்டிய 'அம்மா', எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். அப்படித் தட்டிய பட்டியல் எந்த நூலகத்தில் எஞ்சியிருந்தாலும், அதை ஒருங்குறிக்கு மாற்றும் வேலையில் செயற்கை நுண்ணறிவு எதுவும் தேவைப்படாது. சின்ன மாற்றி ஒன்றும், மாற்றியதைச் சரிபார்க்கும் பொறுமையும் போதும். விலையுயர்ந்த மென்பொருளுக்கு ஒப்பந்தம் போடும் முன் இதை முடிப்பது நல்லது.

பழைய அச்சு இன்னொரு தலையிடி. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வருவதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் துதிக்கை போல வளைந்த வடிவம் இருந்தது. புதிய அச்சில் மட்டும் பழகிய எழுத்துணரி அதைப் பார்த்துத் திணறும். தேய்ந்த ஈய எழுத்தில் காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே எழுத்துணரியைப் பழக்கும் மாதிரிப் பக்கங்களில் பழைய அச்சகங்களின் பக்கங்கள் கணிசமாக இருக்க வேண்டும்.

நூலகப் பணியில் கணக்கைச் சேர்ப்பது புதிதல்ல. எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1948இல் நூலகப் பணிக்குப் புள்ளிவிவர முறைகளைப் பயன்படுத்தும் துறை ஒன்று வேண்டுமென்று முன்மொழிந்தார். வாசகரின் நேரத்தைச் சேமி என்பது அவருடைய ஐந்து விதிகளில் நான்காவது. அந்த நேரம் எங்கே வீணாகிறது என்பதை இன்று ஒரு கோப்பு காட்டிக்கொடுக்கும்: வாசகர் தட்டி, ஒன்றும் கிடைக்காமல் போன தேடல்களின் பதிவு. கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயரைத் தட்டுகிறவர் எத்தனை விதமாகத் தட்டுகிறார் என்று அதில் தெரியும். ஒவ்வொரு விதத்தையும் அந்த ஆளுமையின் பதிவோடு கட்டிவிட்டால், அடுத்தவர் வெறுங்கையோடு போகமாட்டார். வாங்க வேண்டிய நூல்களின் பட்டியலும் அதிலேயே பாதி இருக்கும்.

கொழும்பு போன்ற மும்மொழி நகரத்தில் வேறொரு முடிச்சும் உண்டு. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் சிங்கள நாவல் 'கம்பெரலிய' 1944இல் வந்தது. எம். எம். உவைஸ் அதைத் தமிழில் 'கிராமப் பிறழ்வு' ஆக்கினார். ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கிறது. மூன்று எழுத்தில் மூன்று தலைப்பு. எழுத்து ஒப்புமை பார்க்கும் எந்தக் கணக்குக்கும் இவை உறவினர் என்று தெரியாது. மூலம் எது என்ற ஒரு வரிக் குறிப்பு மூன்றையும் சேர்த்துவிடும். அந்த வரியை எழுத மூன்று மொழிப் பட்டியலாளர்கள் ஒரு மேசையில் இருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. நூலை நிரற்படுத்தும் தரவு வேறு, வாசகரைப் பின்தொடரும் தரவு வேறு. யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பது இந்த நாட்டில் ஒரு காலமும் சாதாரண விஷயமாக இருந்ததில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பரிந்துரைக் கருவி வேண்டும் என்கிறவர்கள் அதைப் படித்துவிட்டு வரட்டும். நூல் திரும்பி வந்ததும் வாசகர் பெயரை அழித்துவிட்டு, நூல்களுக்கிடையிலான தொடர்பை மட்டும் வைத்திருக்கும் முறையே இங்கு பொருந்தும்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த நூல்களும் சுவடிகளும் 97,000 என்று எல்லோருக்கும் வாயில் வருகிறது. தலைப்புகளைக் கேட்டால் சிலவற்றோடு பேச்சு நின்றுவிடும். பட்டியலை ஒரே கட்டிடத்தில் வைப்பதில் உள்ள ஆபத்தை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்திலிருந்து கொட்டாஞ்சேனையில் வீடுகளில் கட்டி வைத்த இதழ்த் தொகுப்புகள் வரை, எது எங்கே இருக்கிறது என்ற பதிவு பல இடங்களில் பிரதியாக இருக்க வேண்டும். அப்படிப் பகிர வேண்டுமானால் எல்லாரும் ஓர் எழுத்தாளருக்கு ஒரே ஆளுமை எண்ணைப் பயன்படுத்த வேண்டும்.

எனவே முதல் அமர்வில் கட்டுரை எதுவும் வாசிக்கப்படாது. பங்குபற்றும் ஒவ்வொரு நூலகரும் தத்தம் பட்டியலில் சிவஞானசுந்தரம் என்று தேடி, கிடைத்த பதிவுகளை அப்படியே, திருத்தாமல், மேசையில் வைப்பார். தேநீர் இடைவேளைக்குள் எவை யாருடையவை என்று பிரிக்க வேண்டும். சந்தேகமானவற்றுக்குத் தனிப் பெட்டி ஒன்று வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.