சத்தம் எது? இரைச்சல் எது?

 



கண்டியில் நான் ஓதிக்கொடுக்கும் குர்ஆன் மத்ரஸாவில் ஒரு நாள், "இரைச்சல் என்றால் என்ன?" என்று சிறுவர்களிடம் வினவினேன். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸின் ஹோர்ன் என்றார் ஒருவர். தகரக் கூரையில் விழும் மழை என்றார் இன்னொருவர். அதைக் கேட்டால்தான் தனக்கு நல்ல தூக்கம் வரும் என மறுத்தார் பக்கத்திலிருந்தவர். ஆறு வயதுச் சிறுமியொருத்தி எழுந்து, "சத்தம் போட வாணாம்னு மௌலவி கத்துறது" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கோ வெட்கமாகிவிட்டது.

ஒலி என்பது அதிர்வு. இதைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்டலாம். ஒரு கோப்பையின் வாயில் பொலித்தீனை இறுகக் கட்டி, அதன்மேல் சில அரிசி மணிகளைத் தூவி, அருகே ஒரு தகரத் தட்டைத் தட்டுங்கள்; அரிசி துள்ளும். அவ்வதிர்வே நமது செவிப்பறையையும் அசைக்கிறது. கண்ணுக்கு இமை தந்த இறைவன் காதுக்கு இமை வைக்கவில்லை. ஆகவே கேட்க விரும்பாதவரின் காதுக்குள்ளும் ஒலி புகுந்துவிடுகிறது. அங்கேதான் அது இரைச்சலாகிறது. மழையைப் பற்றி அவ்விரு சிறுவர்களும் முரண்பட்டதன் காரணமும் இதுவே. எவ்வளவு உரத்தது என்பது மட்டுமல்ல, யார் காதில் விழுகிறது என்பதும் கவனிக்கப்பட வேண்டும்.

நமது மலைச்சரிவு வீடுகளில் மேல்வீட்டுத் தொலைக்காட்சி கீழ்வீட்டு நோயாளியின் கட்டில் வரை வருகிறது. அண்ணலார் (ஸல்) இரவில் வந்து ஸலாம் கூறினால், விழித்திருப்பவர் கேட்பார், உறங்குபவர் விழிக்கமாட்டார் என மிக்தாத் (ரழி) அறிவித்ததை இமாம் முஸ்லிம் பதிவுசெய்துள்ளார்கள். தோழர்கள் மேட்டில் ஏறும்போது உரத்துத் தக்பீர் முழங்கியவேளை, நீங்கள் அழைப்பது செவிடனையோ தொலைவில் இருப்பவனையோ அல்ல என்ற கருத்தில் நபியவர்கள் அவர்களைத் தடுத்தார்கள். திக்ருக்கே இவ்வளவென்றால், நமது மேடைப் பேச்சுக்கு எவ்வளவு?

வெலிகமவில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த வழக்கில், 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தியது. அது எல்லா மதத்தவருக்கும் பொதுவான தீர்ப்பு. அதைக் குறையாகப் பேசியோரும் நம்மில் உண்டு. மிக்தாத் (ரழி) அவர்களின் அறிவிப்பை அவர்கள் ஒருமுறை ஓதிப் பார்க்கட்டும்.

அதேவேளை, பள்ளியில் அழும் பிள்ளையை இரைச்சல் என விரட்டுவதும் முறையல்ல. அழுகுரல் கேட்டுத் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையையே சுருக்கியவர்கள் நமது நபியவர்கள்.

மத்ரஸாவில் இப்போது ஒரு விளையாட்டு நடக்கிறது. பாதிப் பேர் கண்மூடி உறங்குவதுபோல் கிடப்பர். ஒருவர் வாசலில் நின்று ஸலாம் சொல்வார். விழித்திருப்போர் பதிலளிக்க வேண்டும், 'உறங்குவோர்' அசையலாகாது. முதல் நாள் அத்தனை பேரும் எழும்பிவிட்டனர். மூன்றாம் நாள் இருவர் மட்டுமே எழும்பினர். நான் ஸலாம் சொன்ன முறை வந்தபோது, அந்தச் சிறுமி கண்மூடியபடியே, "இன்னும் கொஞ்சம் மெதுவா, மௌலவி" என்றாள்.