டியூக் எல்லிங்டனுக்குக் கிடைக்காத பரிசு



1899-இல் வாஷிங்டன் நகரில் பிறந்து 1974-இல் நியூயார்க்கில் மறைந்த ஜாஸ் மேதை டியூக் எல்லிங்டன், ஆயிரத்துக்கு மேற்பட்ட உருப்படிகளை இயற்றினார் என்பதைக் காட்டிலும், தம் குழுவிலுள்ள ஒவ்வொரு வித்துவானின் மூச்சையும் சுபாவத்தையும் அறிந்து அவரவர்க்கென்றே இயற்றினார் என்பதுதான் என்னை வியக்கவைக்கிறது. பதினேழு வயதில், 1927-இல், வந்து சேர்ந்த ஹாரி கார்னி என்ற சாக்ஸபோன் கலைஞர், தலைவர் கண்மூடும்வரை அக்குழுவை விட்டு அகலவில்லை; ஊருக்கு ஊர் அவரைத் தம் காரிலேயே ஏற்றிக்கொண்டு ஓட்டிச் செல்வார், பக்கத்து ஆசனத்தில் எல்லிங்டன் அடுத்த உருப்படியை யோசித்துக்கொண்டு வருவார்!

அத்தகைய மகானுபாவருக்கு நடந்த மரியாதையைக் கேளுங்கள். 1965-இல், அமெரிக்காவின் உயரிய புலிட்சர் பரிசின் இசை நடுவர்கள் அவருக்கு விசேஷ கௌரவம் அளிக்கவேண்டுமென்று சிபாரிசு செய்ய, மேலே வீற்றிருந்த வாரியமோ அதை நிராகரித்து, அவ்வாண்டு இசைக்குப் பரிசே கிடையாதென்று அறிவித்துவிட்டது. 66 வயதான அந்த மனிதரோ, தாம் இளமையிலேயே பிரபலமாகிவிடக் கூடாதென்று விதி கருணை காட்டுவதாகச் சொல்லிச் சிரித்தார்!

ஜனங்கள் தாளமிட்டு ரசித்தால் அதில் வித்வத் இராது என்று சித்தாந்தம் பேசுகிற விமர்சகர்கள் எங்கும் உண்டு. பெயர் சொல்லமாட்டேன், நீங்களும் முன்வரிசையைப் பார்க்கவேண்டாம்! கறுப்பின மக்களின் சரித்திரத்தையே இசையாக்கி 1943-இல் கார்னகி மண்டபத்தில் எல்லிங்டன் அரங்கேற்றியபோது, ஒரு சாரார் இது ஜாஸே அல்ல என்றனர். மறுசாரார் இதற்கு உருவமே இல்லை என்றனர். பாவம், மனிதர் எந்தப் பக்கம் திரும்புவார்?

நம் தேசத்திலும் அவர்களுக்கு ஒரு விமர்சகர் காத்திருந்தார். 1963-இல் எல்லிங்டனின் குழு இங்கும் வந்தது. டெல்லியில், எல்லிங்டனின் இணைபிரியாத் தோழரும் சக இசையமைப்பாளருமான பில்லி ஸ்ட்ரேஹார்னின் அறையில் ஒரு மைனா அழகாகப் பாடிக்கொண்டிருந்ததாம். ஸ்ட்ரேஹார்ன் எத்தனை பேசினாலும் பதிலே சொல்லாத அந்தப் பறவை, புறப்படும் நாளன்று ஏளனமாக ஒரு குரல் கொடுத்ததாம். மைனாவின் பாட்டைக் கிளாரினெட்டில் ஊதவைத்து, அந்த ஏளனத்தையும் விடாமல் சேர்த்து, ஓர் உருப்படியாகவே ஆக்கிவிட்டார்கள்! மைனாவாவது அவர்கள் ஊரைவிட்டுப் போவதற்குள் வாய் திறந்தது; புலிட்சர் வாரியம் வாய் திறக்க 34 ஆண்டுகள் ஆயின. 1999-இல், நூற்றாண்டு விழாவையொட்டிக் கௌரவம் வந்தபோது, வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

ஆனால் 1965-இல், தங்கள் சிபாரிசு தள்ளப்பட்டதும், அந்நடுவர்களுள் இருவர் பதவியை உதறிவிட்டு வெளியேறினார்களே! கரகோஷம் செய்வதானால் அவ்விருவருக்குச் செய்யுங்கள். அடுத்துப் பேசவிருக்கும் நண்பர் சற்றுப் பொறுத்துக்கொள்வார்.